தங்கச்சி குழுக்கடன் எடுத்து நாட்டுக்கோழி வளர்க்கணும்கிறா. விடலாமா, தடுக்கணுமா?

அல்சூர்வாசி:
தங்கச்சி பெங்களூரை ஒட்டின ஆனேக்கல் பக்கம் ஒரு கிராமத்துல இருக்கா. மாப்பிள்ளை சர்ஜாபூர் ரோட்டுல ஒரு அபார்ட்மென்ட்ல செக்யூரிட்டி, மாசம் 16,000. வீட்டுக்குப் பின்னாடி மூணு குண்டே (ஒரு குண்டே 1,089 சதுர அடி) சொந்த இடம் சும்மா கிடக்கு. அவ இருக்கிற மகளிர் குழு வழியா ஒரு மைக்ரோ பைனான்ஸ்ல 50,000 தர்றாங்களாம். வருஷ வட்டி 24 சதம், கட்டக் கட்டக் குறையுற பாக்கிக்கு மட்டும். 24 மாசம், மாசத் தவணை 2,643. அதை வச்சு 200 நாட்டுக்கோழிக் குஞ்சு விடுறேன்கிறா. நான் வேண்டாம்னேன். ரெண்டு வாரமா என் போனை எடுக்கல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, நான் செஞ்சது சரியா?

பல்லடத்தான்:
சரிதான் அண்ணே. எங்கப்பா ஒரு கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்த்துக் கொடுத்தவர். குஞ்சு, தீவனம், மருந்து அவங்களோடது. ஷெட், கரண்ட், தேங்காய் நார், ராத்திரி முழிப்பு எங்களோடது. கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி. ஷெட்டுக்குக் கடன் வாங்கினோம். 2020 பிப்ரவரி, மார்ச்சுல கோழி தின்னா கொரோனா வரும்னு ஒரு வதந்தி கிளம்புச்சு பாருங்க, கறி விலை ஒரேடியா விழுந்துச்சு. கம்பெனி அடுத்த குஞ்சு இறக்கல. காலி ஷெட்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தோம். தவணையைத் தள்ளி வைக்கலாம்னு அறிவிப்பு வந்துச்சு, ஆனா வட்டி ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. நான் படிப்பை விட்டுட்டு பெங்களூர் பீன்யாவுக்கு வேலைக்கு வந்தது அந்த வருஷம்தான்.

உங்க தங்கச்சி கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 200 குஞ்சு, 40 ரூபாய்னா 8,000. சந்தைக்கு வர ஒரு கோழிக்கு 4 கிலோ தீவனம், மொத்தம் 800 கிலோ, 50 கிலோ மூட்டை 16. மூட்டை 2,000னு வச்சா 32,000. தடுப்பூசி, பல்பு, உமிக்கு 2,000. ஆக 42,000. மிச்ச 8,000ல 400 சதுர அடி ஷெட் போட முடியுமா?

20 குஞ்சு சாகும்னு வைங்க. 180 கோழி, ஒண்ணரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா 1.4 கிலோ, 252 கிலோ. வியாபாரி 210க்கு எடுத்தா 52,920. செலவு போக 10,920. அதுக்குள்ள நாலு தவணை போயிருக்கும், 10,572. கையில நிக்கிறது 348 ரூபாய். நாலு மாசம் எச்சம் அள்ளி, கீரிக்குக் காவல் இருந்ததுக்கு 348.

அத்திபெலே அக்கா:
தம்பி, உன் வீட்டுல நடந்ததைப் படிச்சு மனசு கஷ்டமாப் போச்சு. ஆனா கணக்குல ஒரு தப்பு இருக்கு. தவணை மொத்தத்தையும் செலவுல எழுதிட்டே. நாலு தவணையில வட்டி 3,800தான். மீதி 6,772 அசல், அவ கடன் அவ்வளவு குறைஞ்சிருக்கு. அது நஷ்டமா?

நான் 2019ல இதே மாதிரி குழுக்கடன் 25,000 எடுத்தேன். 40 குஞ்சுல ஆரம்பிச்சேன். இன்னைக்கு எப்பவும் 300 கோழி நிக்குது. என் மக நர்சிங் படிச்சது இந்தக் கோழியில. எனக்கு அந்தக் கடன் கிடைக்கலைன்னா இன்னும் நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருப்பேன். ஏழைக்குக் கடனே கூடாதுன்னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வருது. அபார்ட்மென்ட்காரங்க 80 லட்சம் வீட்டுக்கடன் வாங்கினா இனிப்பு கொடுக்கிறோம். நம்ம வீட்டுப் பொண்ணு 50,000 கேட்டா ஊர் கூடி நிறுத்துறோம்.

பல்லடத்தான்:
அக்கா, 3,800 கணக்கு சரி. என் பேச்சை அந்த இடத்துல திருத்திக்கிறேன். ஆனா குஞ்சு விட்ட மறு மாசமே 2,643 கட்டணும். முதல் கோழி விக்க மூணரை, நாலு மாசம். அந்த முதல் மூணு தவணை 7,929 எங்கிருந்து வரும்? மாப்பிள்ளை சம்பளத்துலயிருந்து. இல்லேன்னா அந்த 50,000லயே எடுத்து அவங்களுக்கே திருப்பிக் கட்டணும், தீவனத்துக்குக் குறையும், கோழி எடை பிடிக்காது. 24 சதம் பெரிய விஷயம்தான், ஆனா அதைவிடப் பெரிய விஷயம் தேதி. கோழிக்கு ஒரு நாள்கணக்கு இருக்கு, தவணைக்கு வேற நாள்கணக்கு இருக்கு. ரெண்டும் ஒத்துப் போகல.

சிவாஜிநகர் கறிக்கடை:
விலையைப் பத்தி நான் சொல்றேன், நான் வாங்குறவன். மொத்தமா 180 கோழியை ஒரே நாள்ல தள்ளினா 210ம் கிடைக்காம போகலாம். அவசரம்னு தெரிஞ்சா எவனும் இறக்கித்தான் கேட்பான். அதே கோழியை வாரம் பத்து, பதினஞ்சு, வீட்டு வாசல்ல வித்தா 300 ரூபாய்க்குக் குறையாது. கன்னடக்காரங்க வீட்டுல முத்தேயும் (ராகிக் களி) நாட்டி கோழி சாறும் ஞாயித்துக்கிழமை வேணும்.

இன்னொண்ணு, மாசம் பார்த்துக் குஞ்சு விடணும். நம்ம பெங்களூர்ல வியாபாரத்துக்கு ரெண்டு அடி விழும். சிராவண மாசத்துல கன்னடக்காரங்க நிறைய பேர் கறி தொட மாட்டாங்க, அது முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள நம்மாளுங்களுக்குப் புரட்டாசி. ஜூன்ல குஞ்சு விட்டவன் புரட்டாசியில கோழியை வச்சுக்கிட்டுத் தீவனம் போட்டுக்கிட்டே இருப்பான். ஜூலையில விட்டா தீபாவளி கிடைக்கும். டிசம்பர் நடுவுல விட்டா ஹொசதொடகு கிடைக்கும், யுகாதிக்கு மறுநாள் கன்னடக்காரங்க கறி சமைக்கிற நாள். அன்னைக்கு எங்க கடையில காலை நாலு மணிக்கே வரிசை.

2025 ஆரம்பத்துல சிக்கபள்ளாப்பூர் பக்கம் பறவைக்காய்ச்சல்னு செய்தி வந்தப்போ எங்க கடையில வியாபாரம் படுத்துச்சு. நாட்டுக்கோழி, பிராய்லர்னு ஜனம் பிரிச்சுப் பார்க்கல. அதையும் கணக்குல வைக்கணும்.

ஓய்வு மேனேஜர்:
நான் பேங்க் கிளை ஒன்றில் விவசாயக் கடன் பிரிவைப் பார்த்தவன். தம்பி தேதியைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. கால்நடைக்கும் கோழிக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது. உரிய தேதியில் கட்டினால் வட்டி 4 சதத்துக்கு வரும். எடுத்த பணத்துக்கு மட்டும் வட்டி. கோழி விற்றதும் கட்டலாம். சொந்த ஷெட் இல்லை, வாடகை ஷெட் என்றாலும் தகுதி உண்டு. முத்ரா என்ற மத்திய அரசுக் கடன் திட்டத்தில் சிசு பிரிவு, அதுவும் 50,000 வரை அடமானமில்லாமல்.

இன்னொன்றும் பாருங்கள். 2022 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி விதி: குடும்ப வருமானம் வருஷம் 3 லட்சத்துக்குள் இருந்தால், அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. உங்கள் தங்கைக்கு ஏற்கெனவே கடன் ஏதாவது இருக்கிறதா?

அத்திபெலே அக்கா:
சார், நீங்க சொல்ற கார்டுக்கு நான் ஆறு தடவை ஒரு பேங்குக்குப் போனேன். பஹணி (நிலப் பதிவேட்டு நகல்) கொண்டு வா, ஷெட் போட்டோ கொண்டு வா, ஆபீசர் லீவு, அடுத்த திங்கள் வா. ஆறு நாள் கூலி போச்சு. குழுக்கடன் பொண்ணு என் வாசல்ல வந்து உட்கார்ந்து கன்னடத்துலயும் தமிழ்லயும் விளக்கிச் சொல்லி, பத்தாம் நாள் பணம் கொடுத்தா. நாலு சத வட்டி காகிதத்துல இருந்து என்ன பண்ண?

ஓய்வு மேனேஜர்:
அம்மா, நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். எங்கள் தரப்பில் அது பெரிய குறை. ஆனால் குழு என்றாலே வெளி கம்பெனி என்று ஆகிவிட்டது, அது எனக்கு வருத்தம். சொந்தச் சேமிப்பைத் தங்களுக்குள்ளேயே சுழற்றும் குழுக்கள் கர்நாடகத்தில் மைராடா அமைப்பால் எண்பதுகளிலேயே வளர்ந்தவை. 1992ல் நபார்டு என்ற ஊரக வளர்ச்சி வங்கி அந்த மாதிரிக் குழுக்களை பேங்கோடு இணைத்தது. குழுவே வட்டியும் தவணையும் முடிவு செய்யும். தங்கை இருப்பது அப்படிப்பட்ட குழுவா, கம்பெனி கடனுக்காகவே சேர்த்த குழுவா என்று விசாரியுங்கள்.

அல்சூர்வாசி:
நேத்து ராத்திரி மாப்பிள்ளைகிட்ட பேசினேன். ஏற்கெனவே ஒரு குழுக்கடன் ஓடுதாம், பிள்ளை ஸ்கூல் பீஸுக்கு எடுத்தது, மாசம் 1,800. எனக்குத் தெரியாது. இதையும் சேர்த்தா 4,443. சம்பளத்துல பாதி 8,000ங்கிறதால விதிப்படி தருவாங்க.

பல்லடத்தான்:
விதி தருது, சரி. 16,000ல 4,443 போக மிச்சத்துல அரிசி, பஸ், ஸ்கூல். ஒரு கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தா ஒரு வாரத்துல ஷெட்டே காலி. அன்னைக்கு குழுவுல தவணை வசூல் பண்ற சென்டர் மீட்டிங்ல பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க முன்னாடி நிக்கணும். மிரட்டி வசூல் பண்ணினா 10 வருஷம் வரை ஜெயில்னு கர்நாடகத்துல 2025ல சட்டம் வந்தது நல்லது. ஆனா குழுவுல கூட இருக்கிறவங்க முகத்தைத் திருப்பிக்கிறதுக்குச் சட்டம் இல்லை அண்ணே. எங்கம்மா கோயிலுக்குப் போறதையே நிறுத்தினாங்க.

அத்திபெலே அக்கா:
முதல் கடன் ஓடுதுன்னா நானும் யோசிப்பேன். 200 வேண்டாம், அதை ஒத்துக்கிறேன். ஆனா கோழி வேண்டாம்னு சொல்ல மாட்டேன். மாசம் 50 குஞ்சா விடச் சொல்லுங்க. ஒரு தடவை 50க்குத் தீவனத்தோட 10,500 ஆகும். நாலாம் மாசத்துலயிருந்து மாசா மாசம் 45 கோழி விக்க இருக்கும். அப்போ மாசத் தவணை அவளுக்குப் பாரமா இருக்காது. தம்பி சொன்ன தேதிக் கோளாறும் இதுல தீரும். முதல் 50க்குக் கடனே வேண்டாம், சீட்டு எடுத்தோ அண்ணன் கொடுத்தோ பண்ணட்டும். அது கைக்கு வந்தப்புறம் கடன் எடுக்கட்டும்.

கழிச்சலுக்கு: ஏழாம் நாள் லசோட்டா தடுப்பு மருந்து கண்ணுல ஒரு சொட்டு, பதினாலாம் நாள் கம்போரோங்கிற வேற நோய்க்குத் தடுப்பு மருந்து, இருபத்தெட்டுல மறுபடி லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கையில ஆர்2பி ஊசி. குப்பி நூறு, இருநூறு கோழிக்கு வரும், கரைச்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீர்க்கணும். நாங்க மூணு வீடு சேர்ந்து ஒரே நாள்ல போடுறோம். ஐஸ் இல்லாம கடையிலயிருந்து வாங்கிட்டு வந்தா அது வெறும் தண்ணிதான்.

பல்லடத்தான்:
50ல கடன் இல்லாம ஆரம்பிச்சா எனக்கு மறுப்பு இல்லை அக்கா. ரெண்டாவது கடனுக்கு மட்டும் கடைசி வரைக்கும் மறுப்புதான்.

ஓய்வு மேனேஜர்:
ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழி வளர்ச்சி நிலையம் இருக்கிறது, பயிற்சியும் தருகிறார்கள். ஹெப்பாளில் உருவான கிரிராஜா ரகத்தையும் பார்க்கட்டும், புறக்கடைக்கு ஏற்றது. ஆனால் அது கலப்பு, அதன் முட்டையை அடைவைத்துக் குஞ்செடுத்தால் தாயின் குணம் வராது. பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் கார்டுக்கு மனு போடும்போது கை கொடுக்கும். மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்காமல் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அல்சூர்வாசி:
இன்னைக்குக் காலையில தங்கச்சி போன் எடுத்தா. அக்கா எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். "அண்ணா, நீ முதல் தடவையே எத்தனை குஞ்சுன்னு கேட்டிருந்தா நானே இறங்கி வந்திருப்பேன், நீ கூடாதுன்னு மட்டும்தானே சொன்னே"ன்னா. உண்மைதான். முதல் 50க்கு 10,500 நான் கொடுக்கிறேன்னு சொல்லிட்டேன். குழுக்கிட்ட இப்போ வேண்டாம்னு சொல்றதா ஒத்துக்கிட்டா, நாலு மாசம் கழிச்சு மறுபடி பேசுவாளாம். ஞாயித்துக்கிழமை ஷெட் கட்ட அளவெடுக்கப் போறேன். 50 கோழிக்கு எவ்வளவு இடம், எந்தத் திசை பார்த்துப் போடணும்?

அத்திபெலே அக்கா:
50க்கு 100 சதுர அடி. பின்னாடி இழுத்துக் கட்ட இடம் விட்டுப் போடுங்க. நீளம் கிழக்கு மேற்கா இருக்கட்டும், வெயில் உள்ளே அடிக்காது. வலையை ஒரு அடி மண்ணுக்குள்ள புதைங்க, ஆனேக்கல் பக்கம் கீரி அதிகம்.