இங்கிலாந்தில் பிரைமரி பிஜிசிஇ: முதல் பிளேஸ்மென்ட் இயர் 1, என்ன எதிர்பார்க்கலாம்?

திருச்சிக்காரி:
வணக்கம். ஊரில் பி.எட். முடித்து ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். இப்போது லெஸ்டரில் பிரைமரி பிஜிசிஇ என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். பள்ளிக்கே போய்ப் பயிற்சி எடுக்கும் முதல் பிளேஸ்மென்ட் இயர் 1, ஐந்தாறு வயதுப் பிள்ளைகள். பாடத்தைப் பற்றிப் பயமில்லை. என் உச்சரிப்பை நினைத்தாலும், அதட்டாமல் முப்பது வாண்டுகளை உட்கார வைப்பதை நினைத்தாலும்தான் வயிற்றைக் கலக்குகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
பாடத்தைப் பற்றிப் பயமில்லை என்கிறீர்களே, அங்கேதான்மா இருக்கிறது சமாச்சாரம்! இயர் 1-ல் தினமும் ஃபோனிக்ஸ் உண்டு, அதாவது எழுத்துகளின் ஒலியைச் சேர்த்துப் படிக்கப் பழக்குவது. 'எம்' எழுத்தைக் காட்டி 'ம' என்று சொல்லக் கூடாது. உதட்டை மூடி 'ம்ம்ம்', அவ்வளவுதான். நாம் 'இக், இங்' என்று முன்னால் ஓர் இகரம் ஒட்டிப் படித்து வளர்ந்தவர்கள். இங்கே முன்னாலும் ஒட்டக் கூடாது, பின்னாலும் கூடாது. பின்னால் அகரம் ஒட்டிவிட்டால் பிள்ளையால் ஒலிகளைச் சேர்த்து ஒரு சொல்லாகப் படிக்க முடியாது. 'டி' (t) எழுத்தின் ஒலிக்கு நம் 'ட' மாதிரி நாக்கை மடிக்காதீர்கள், மேல்பல் ஈறில் நுனியைத் தட்டுங்கள். பள்ளியில் எனக்கு வழிகாட்டிய மென்ட்டர் இதற்காகவே ஒரு மதிய இடைவேளை முழுக்க என்னோடு உட்கார்ந்தார். பேச்சில் நம் சாயல் இருப்பதை யாரும் குறை சொல்லவில்லை. ஃபோனிக்ஸ் ஒலி மட்டும் சுத்தமாக வேண்டும் என்றார்.

ஜூன் மாதம் ஸ்க்ரீனிங் செக் என்ற ஃபோனிக்ஸ் பரீட்சை வரும், 2012 முதல் நடக்கிறது. 40 சொற்கள், பாதி நிஜம், பாதி அர்த்தமே இல்லாதவை. அர்த்தமில்லாத சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு விநோத ஜந்துவின் படம் இருக்கும். ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகூடச் சில சமயம் இதில் தடுக்கி விழும். 'ஸ்ட்ராம்' என்று இருப்பதை 'ஸ்டார்ம்' என்று திருத்திப் படித்துவிட்டு நம்மைப் பெருமையாகப் பார்க்கும். எனக்கு இந்தப் பரீட்சை மேல் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் எழுத்துக்கூட்டத் தெரிகிறதா, மனப்பாடமாக ஒப்பிக்கிறதா என்பது இதில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

சத்தம் அடக்க நீங்கள் கை தட்டினால் போதும். ஒரு தாளத்தில் தட்டுங்கள், அதையே அவர்கள் திருப்பித் தட்டுவார்கள். அடங்காவிட்டால் வேறு தாளம். முதல் வாரமே பழக்கிவிடுங்கள்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். ஒரு பிள்ளை, 'மிஸ், யாரிடமும் சொல்லாதீங்க' என்று வீட்டு விஷயம் ஆரம்பித்தால், சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யக் கூடாது. துருவித் துருவிக் கேட்கவும் கூடாது. பிள்ளை சொன்னதை அதே வார்த்தைகளில் எழுதி, பள்ளியில் சேஃப்கார்டிங், அதாவது பிள்ளைகளின் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவரிடம் அன்றே கொடுக்க வேண்டும். சொந்தப் போனில் போட்டோவும் கூடாது.

மான்செஸ்டர் மழை:
அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டீச்சிங் அசிஸ்டென்ட்டை மறக்காதீர்கள். எந்தப் பிள்ளை கார்ப்பெட்டில் யார் பக்கத்தில் உட்கார்ந்தால் சண்டை வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். நீங்கள் எழுதும் பாடக் குறிப்பை முந்தின நாளே அவரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம், கணக்கு டீச்சருக்கு ஒரு நல்ல செய்தி. அடுத்த பிளேஸ்மென்ட் இயர் 4 கிடைத்தால் வாய்ப்பாட்டுத் தேர்வு உண்டு. கம்ப்யூட்டரில் 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 நொடி, பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை. அங்கே நீங்கள்தான் ராணி.

திருச்சிக்காரி:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி சகோ. ஒரு சின்ன சந்தேகம். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர், பாலசுப்பிரமணியன். பிள்ளைகள் இதைச் சொல்லியா கூப்பிட வேண்டும்?

ஈஸ்ட்ஹாம் அக்கா:
கவலையே படாதீர்கள், பாதிப் பேர் வெறும் 'மிஸ்' என்பார்கள். வேண்டுமானால் 'மிஸஸ் பி' என்று போர்டில் எழுதிவிடுங்கள், எங்கள் பள்ளியில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். பேட்ஜில் மட்டும் முழுப் பெயரும் சரியாக இருக்கட்டும்.