பின் சில்லு சூடாகிறது, பெடல் ஆழம் போகிறது: 1991 ரோட்ஸ்டருக்குப் பெரிய பிறேக் போடலாமா?

வட்டக்கச்சி_ரோட்ஸ்டர்

வணக்கம். என்னிடம் 1991 யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6 எஞ்சின். மஸ்டா எம்எக்ஸ்-5 தான், யப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்றது. கொழும்புப் பக்கம் ஒரு கொட்டிலுக்குள் வருடக்கணக்காக நின்ற காரை வாங்கி வட்டக்கச்சிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். எஞ்சினும் கியர்பெட்டியும் நல்ல நிலை. பிறேக்தான் தலையிடி.

வவுனியாவில் இருந்து ஏ9 வழியாக வீட்டுக்கு வந்து நிறுத்தினால் பின் இடது சில்லில் கை வைக்க ஏலாத சூடு, கருகல் மணம். மற்ற மூன்றும் இளஞ்சூடுதான். பெடலை முதல் தரம் மிதித்தால் பாதிக்கு மேல் உள்ளே போகிறது. உடனே இன்னொரு தரம் மிதித்தால் மேலேயே பிடிக்கிறது. ஹாண்ட் பிறேக்கை முழுக்க இழுத்தாலும் வாசல் ஏற்றத்தில் கார் மெல்ல உருளும். கராஜ் ஒன்றில் காட்டினேன். கேபிளை இறுக்கி விட்டார்கள். அதன் பிறகு சூடு கூடியதே தவிர குறையவில்லை.

எப்படியும் கழற்றத்தான் போகிறேன். அதோடு முன்னுக்கு நாலு பிஸ்டன் கலிப்பர் (சில்லோடு சுழல்கிற டிஸ்க்கை இரண்டு பக்கமும் பாட் என்ற உரசு கட்டையால் நெரித்துப் பிடிக்கிற பகுதி), துளை போட்ட டிஸ்க், ஸ்டீல் பின்னல் ஹோஸ் என்று ஒரேயடியாக ஏற்றிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

மாங்குளம்_சாவி

தம்பி, காசை வெளியே எடுக்க முதல் பிழை எங்கே என்று பார்ப்போம். முன்னுக்குப் பெரிய கலிப்பர் போட்டாலும் பின் இடது சில்லு அப்படியே கருகிக்கொண்டுதான் இருக்கும்.

சம தரையில் முன் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் இருத்துங்கள். கியரை நியூட்ரலில் விட்டு, ஹாண்ட் பிறேக்கையும் விட்டுச் சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் முதலில் கேபிளை நன்றாகத் தளர்த்துங்கள். இறுக்கம் போனால் கேபிள்தான் காரணம். போகாவிட்டால் அந்தக் கலிப்பரின் பிளீடர் நிப்பிளை, அதாவது காற்று எடுக்கிற திருகைக் கொஞ்சம் திறவுங்கள். பிறேக் ஒயில் பீறிட்டுச் சில்லு விடுபட்டால் அமுக்கம் உள்ளே அடைபட்டு நிற்கிறது என்று அர்த்தம்: பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி ஒயிலைத் திரும்ப விடாமல் வைத்திருக்கலாம், அல்லது மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுகிற பகுதி) முழுதாகத் திரும்பி வரவில்லை. திறந்த பிறகும் சில்லு இறுக்கமாகவே நின்றால் பிழை கலிப்பருக்குள்ளே: பிஸ்டன், சறுக்கு பின், அல்லது ஹாண்ட் பிறேக் நெம்பு.

பிறகு பாட் இரண்டையும் வெளியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போடுங்கள். அது ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

பெடலைப் பற்றி: எஞ்சினை ஓடவிட்டு, மிதித்த காலை எடுக்காமல் அரை நிமிடம் வைத்திருங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிவும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டர் சீல். இறங்காமல் நின்றால் அது காற்று, அல்லது பாட்டுக்கும் டிஸ்க்குக்கும் இடைவெளி கூடிப்போனது.

ஏ9_இரவு_ஓட்டம்

நான் இதற்கு மாறாகத்தான் சொல்வேன். 30 வருடத்துக்கு மேல் பழைய கலிப்பரை நோண்டிக்கொண்டு இருப்பதிலும் ஒரேயடியாகப் புதுசு போடுவது நிம்மதி. பெரிய டிஸ்க், ரேஸ் பாட். ஸ்போர்ட்ஸ் கார் தானே வாங்கியிருக்கிறார், உழவு இயந்திரம் இல்லையே.

மாங்குளம்_சாவி

தம்பி ஏ9, ஏ9இல் எங்கே இறக்கம் இருக்கிறது? ஓமந்தையில் இருந்து பரந்தன் வரை சமதரை. பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் கொள்ளளவு. அது கடுகண்ணாவை இறக்கத்தில் வேண்டும், கட்டுக்குருந்தை ரேஸ் தடத்தில் வேண்டும். ஒரே ஒரு தரம் அமத்தி நிறுத்துகிற இடத்தில், சில்லு பூட்டுகிற அளவுக்குப் பிறேக் ஏற்கனவே பிடிக்கிறது என்றால், மிச்சம் ரயரின் கையில். இந்தக் கார் ஒரு டன்னுக்கும் குறைவு. கொம்பனி போட்ட டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் தாராளமாகப் போதும்.

ரேஸ் பாட் இன்னும் மோசம். அது சூடேறிய பிறகுதான் வடிவாகப் பிடிக்கும். புளியங்குளம் தாண்டி இரவில் மாடு குறுக்கே ஏறுகிறபோது உங்கள் பாட் குளிர்ந்துதான் கிடக்கும். நமக்கு முதல் மிதியிலேயே பிடிக்கிற பாட் வேண்டும்.

இன்னொன்று. முன்னுக்கு மட்டும் பெரிய பிறேக் போட்டால் முன் பின் சமநிலை குழம்பும். முன் சில்லு முந்திப் பூட்டும், பின் பிறேக் சும்மா இருக்கும், நிற்கிற தூரம் கூடும். பார்க்க வடிவாக இருக்கும், அவ்வளவுதான்.

வட்டக்கச்சி_ரோட்ஸ்டர்

அண்ணை சொன்ன மாதிரியே பார்த்தேன். கேபிளை முழுக்கத் தளர்த்தியும் சில்லு இறுக்கம். நிப்பிளைத் திறந்தேன், ஒயில் சொட்டியதே தவிரப் பீறவில்லை, சில்லும் விடவில்லை. பாட்டைக் கழற்றினால், உள் பக்கப் பாட் இரும்புவரை தேய்ந்து டிஸ்க்கில் வரி விழுந்திருக்கிறது. வெளிப் பக்கப் பாட் கிட்டத்தட்டப் புதுசு. ஒயிலின் நிறம் தேத்தண்ணிச் சாயம். பெடல் கீழே இறங்கவில்லை, நிற்கிறது.

புதுக்குடியிருப்புக்_கடைசல்

உள் பாட் முடிந்து வெளிப் பாட் மிச்சம் என்றால் பெரும்பாலும் சறுக்கு பின் இறுகிவிட்டது. இந்தக் கலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது உள் பாட்டைத் தள்ளும். பிறகு கலிப்பர் முழுவதும் பின்னில் சறுக்கி வந்து வெளிப் பாட்டை இழுக்க வேண்டும். சறுக்கு பின் இறுகினால் உள் பாட் மட்டும் உரசிக்கொண்டே இருக்கும். பின்னின் ரப்பர் பூட் கிழிந்திருக்கும், பாருங்கள். எங்கள் பக்கத்துக் கிரவல் புழுதியும் மாரி வெள்ளமும் அதற்குள் போனால் வேறென்ன நடக்கும்?

பின்னைக் கழற்றி மெல்லிய எமரிப் பேப்பரால் துருவை எடுங்கள். குழி விழுந்திருந்தால் எறிந்துவிட்டு வேறு போடுங்கள். ஓட்டையையும் உள்ளே துப்புரவாக்க வேண்டும், அதைத்தான் கனபேர் விடுகிறார்கள். பூசுவது சிலிக்கோன் கிறீஸ். கடையில் தருகிற சாதாரண சிவப்புக் கிறீஸ் வேண்டாம், ரப்பரை ஊத வைக்கும்.

சீல் படுகிற எந்த இடத்தையும் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள். எங்கள் கராஜ்களில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் வாளிக்குள் போடுவது பழக்கம். எஞ்சின் சாமானுக்குச் சரி. பிறேக் சீல் ரப்பர் அதை உறிஞ்சி வீங்கும், பிறகு பிஸ்டன் திரும்பி வராது. பிறேக் கிளீனர் ஸ்பிரே, இல்லாவிட்டால் ஸ்பிரிட். கடைசியாகப் புது பிறேக் ஒயிலாலேயே நனைத்துப் பூட்டுங்கள்.

தூசியைக் கொம்பிரசரால் ஊதவும் வேண்டாம். பழைய பாட்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

மாங்குளம்_சாவி

கடைசல் அண்ணை சொன்னது சரி. ஹாண்ட் பிறேக் விஷயம் மிச்சம் இருக்கிறது, பெடல் ஆழம் போவதும் அதோடு சேர்ந்ததுதான்.

இந்த மொடலில் ஹாண்ட் பிறேக் பின் கலிப்பருக்குள்ளேயே வேலை செய்கிறது. இடைவெளியைச் சரிசெய்வது கேபிளில் இல்லை, கலிப்பரில். கலிப்பரின் பின்புறம் 14 மி.மீ. சாவிக்கு ஒரு மூடி போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. அலன் கீ போகிற திருகு. இடப்பக்கமாகத் திருகினால் பிஸ்டன் உள்ளே போகும், புதுப் பாட் போட அப்படித்தான் இடம் எடுக்க வேண்டும். கிளாம்ப் போட்டு நெரித்துத் தள்ளினால் உள்ளே உள்ள பொறிமுறை உடையும். பாட் போட்ட பிறகு வலப்பக்கமாக, பாட் டிஸ்க்கைப் பிடிக்கும் வரை திருகி, அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்றுப் பின்னால் விடுங்கள். இரண்டு பக்கமும் இதைச் செய்த பிறகுதான் கேபிள்.

இந்த இடைவெளி கூடினால் பின் பிஸ்டன் கனதூரம் நகர்ந்த பிறகே பாட் டிஸ்க்கைத் தொடும். முதல் மிதி ஆழம் போவதும் இரண்டாம் மிதி பிடிப்பதும் அதனால்தான். கேபிளை இறுக்கி அதை மறைத்தால், கலிப்பரில் உள்ள நெம்பு முழுதாகத் திரும்பி வராமல் பாதி இழுத்தபடியே நிற்கும். சூடு கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். கலிப்பரைப் பூட்டியதும் அந்த நெம்பு தன் தடுப்பில் போய் முட்டுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

வட்டக்கச்சி_ரோட்ஸ்டர்

விளங்குகிறது அண்ணை. கேபிள்தான் ஹாண்ட் பிறேக் என்று எல்லோரும் சொன்னார்கள். சரி, திருத்தத்தான் போகிறேன். ஆனாலும் கேட்கிறேன், கொஞ்சமாவது மேம்படுத்த வழி இல்லையா? கார் வாங்கியதே ஆசைக்குத்தான்.

பஞ்சிகாவத்தைப்_பக்கம்

ஆசை இருந்தால் கொம்பனி வழியிலேயே வழி இருக்கிறது. உங்கள் 1.6இல் முன் டிஸ்க் 235 மி.மீ., பின் டிஸ்க் 231. பிறகு வந்த 1.8இல் முன் 255, பின் 251. அந்த முழுத் தொகுதியும் உங்கள் காரில் அப்படியே போல்டில் ஏறும், வெட்டு ஒட்டு இல்லை. 14 அங்குல சில்லுக்குள்ளும் அடங்கும், 1.8 வந்ததே 14இல் தானே. முன் பின் இரண்டும் சேர்ந்து வளர்வதால் சமநிலையும் கெடாது.

ஆனால் கலிப்பர், அதன் பிரக்கெட், டிஸ்க், பாட் எல்லாம் ஒரே காரில் இருந்து முழு செற்றாக எடுங்கள். பிரக்கெட்டை ஒரு கடையிலும் பாட்டை இன்னொரு கடையிலும் எடுத்தால் பொருந்தாமல் மறுபடி பஸ் ஏற வேண்டிவரும். பஞ்சிகாவத்தையில் கழற்றிய சாமான் வரும், ஆனால் ரோட்ஸ்டர் சாமான் தினமும் வராது. போவதற்கு முதல் படம் அனுப்பிக் கேளுங்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது பழைய சாமான் விலையும் ஏறிப்போனது. வாங்குகிற கலிப்பரையும் பிரித்துச் சீல் மாற்றாமல் பூட்டாதீர்கள். உங்கள் காரில் இறுகிய சறுக்கு பின் இன்னொரு காரிலும் இறுகியிருக்கும்.

துளை டிஸ்க் வேண்டாம். துளையைச் சுற்றி வெடிப்பு விழும், கிரவலில் பொடிக்கல்லும் போய் அடையும்.

ஏ9_இரவு_ஓட்டம்

1.8 செற் என்றால் நானும் சரி என்பேன். ஸ்டீல் பின்னல் ஹோஸ்?

பஞ்சிகாவத்தைப்_பக்கம்

ஹோஸ் எப்படியும் மாற்ற வேண்டும், அந்த வயது ரப்பரை நம்ப ஏலாது. புது ரப்பர் ஹோஸ் போட்டாலே பெடல் வித்தியாசம் தெரியும். பின்னல் ஹோஸ் போட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கம் வரும், ஆனால் பின்னலுக்குள் தேய்ந்தால் வெளியே தெரியாது. இரும்புக் குழாயில் துரு இருந்தால் அதையும் பாருங்கள். புதிதாக வளைத்தால் நுனியை இரட்டை மடிப்பாக அடிக்கிற கருவி உள்ள இடத்தில் அடியுங்கள். ஒற்றை மடிப்பு இந்த அமுக்கத்தில் வெடிக்கும்.

வட்டக்கச்சி_ரோட்ஸ்டர்

இப்போதைய நிலை. இரண்டு பின் கலிப்பரும் கழற்றியாயிற்று. இடது கலிப்பரின் கீழ்ச் சறுக்கு பின் துருவில் பிடித்து நின்றது, வெப்பம் காட்டித்தான் வந்தது. பூட் கிழிசல். முன் கலிப்பர் ஒன்றில் பிஸ்டன் மேற்பரப்பில் குழி. பின் இடது டிஸ்க் போய்விட்டது. அதனால் பழையதுக்குச் செலவழிப்பதை விட 1.8 செற் தேடுகிறேன். கிடைக்கும் வரை பழைய கலிப்பர்களுக்குச் சீல் போட்டு, முன்னுக்குப் பிஸ்டனும் பின்னுக்குச் சாதாரண டிஸ்க்கும் மாற்றி ஓடுவேன். ஒயில் எது?

மாங்குளம்_சாவி

நல்ல முடிவு. டொட் 4 போதும். புதிதில் அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை, டொட் 3இன் 205ஐ விடக் கூட. ஈரத்தை உறிஞ்சினால் டொட் 4உம் 155க்கு இறங்கலாம், எங்கள் மாரியில் அது கெதியாக நடக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். திறந்து கனநாள் வைத்த போத்தலைப் பாவிக்க வேண்டாம். டொட் 5 என்று எழுதியது சிலிக்கோன், பெயரைப் பார்த்து ஏமாந்து இதோடு கலக்காதீர்கள். பெயின்ற்றில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

காற்று எடுக்கிறபோது மாஸ்டருக்குத் தூரமான சில்லில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் இவ்வளவு காலம் போகாத அடிப்பகுதியில் துரு இருக்கும். பெடலைத் தரைவரை அமத்தினால் சீல் அதில் கிழியும். நன்றாக இருந்த மாஸ்டர், பிளீட் பண்ணிய அடுத்த நாளே போய்விட்டது என்று வருகிறவர்களில் பாதிப் பேருடைய கதை இதுதான்.

டிஸ்க் பூட்ட முதல் ஹப் முகத்து, அதாவது டிஸ்க் வந்து இருக்கிற இடத்துத் துருவைச் சுரண்டுங்கள். அதில் ஒரு துகள் இருந்தாலும் டிஸ்க் ஆடும், பிறகு டிஸ்க் வளைந்துவிட்டது என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பீர்கள்.

வட்டக்கச்சி_ரோட்ஸ்டர்

பூட்டிவிட்டேன். பெடல் மேலேயே பிடிக்கிறது, ஹாண்ட் பிறேக் வாசல் ஏற்றத்தில் காரை நிறுத்துகிறது. விசுவமடுப் பக்கம் போய் வந்து பார்த்தேன், பின் சில்லு இரண்டும் ஒரே சூடு. ஆனால் பலமாக மிதித்தால் முன் சில்லு கொஞ்சம் கெதியாகப் பூட்டுகிறது.

புதுக்குடியிருப்புக்_கடைசல்

பாட் பழகவில்லை. அதிகாலையில் வாகனம் இல்லாத நேரம் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் 60இல் இருந்து 20 வரை எட்டுப் பத்துத் தரம் மிதமாகக் குறையுங்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். பிறகு பிறேக் பிடிக்காமல் கொஞ்சத் தூரம் ஓடி ஆற விடுங்கள். நெல் காயப் போட்டிருக்கிற துண்டில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

அதற்குப் பிறகும் பூட்டினால் ரயரின் பக்கச் சுவரில் டொட் (DOT, ஒயிலின் டொட் இல்லை) என்ற எழுத்தோடு வருகிற வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு கிழமை, அடுத்த இரண்டு வருடம்.

வட்டக்கச்சி_ரோட்ஸ்டர்

பார்த்தேன். 2309.

மாங்குளம்_சாவி

2009 ரயரை வைத்துக்கொண்டா நாலு பிஸ்டன் கலிப்பர் கேட்டீர்கள்? 1.8 செற் காசில் முதல் நாலு ரயர் போடுங்கள். சில்லு நட்டை நூறு கிலோமீற்றர் ஓடியதும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.