தமிழ்ல சிபிஆர் (இதயம் நிண்டா நெஞ்சை அமத்திச் செய்யிற முதலுதவி) பழக்கிற ஆக்கள் கொழும்பில யாராவது இருக்கினமா?

வணக்கம் எல்லாருக்கும். போன கிழமை வெள்ளவத்தையில எங்கட பிளாட்ஸ் லிஃப்ட் வாசல்ல பக்கத்து வீட்டு மாமா அப்படியே சரிஞ்சு விழுந்திட்டார், ஒருத்தர் தண்ணி பருக்கப் போறார், இன்னொருத்தர் விசிறுறார், நான் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சிட்டு அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதுதான். வாய் ஆவெண்டு திறந்து இழுத்து இழுத்து மூச்சு வந்தது, அதைப் பாத்து உயிர் இருக்கு, பயமில்லை எண்டு நினைச்சம். பிறகு ஓடிவந்த நேர்ஸ் பிள்ளைதான் சொன்னா, அது மூச்சே இல்லையாம், இதயம் நிண்டா அப்பிடித்தான் இழுக்குமாம். உடன நெஞ்சு நடுவில ரெண்டு கையையும் வச்சு அமத்தத் தொடங்கிட்டா, நிமிசத்துக்கு 100 - 120 தரம், 5 சென்ரிமீற்றராவது உள்ள போகவேணுமாம். அம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பிள்ளையின்ர நெத்தியால வேர்வை சொட்டிச் சொட்டி மாமான்ர சேட்டில விழுந்தது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. மாமா இப்ப ஐசியூவில, கண் முழிச்சிட்டார்.

எங்கட பிளாட்ஸ்ல முக்கால்வாசி வயசான ஆக்கள். ஞாயிற்றுக்கிழமையில வந்து பொம்மை வச்சுத் தமிழ்ல பழக்கிக் காட்டக்கூடிய ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ, 20 பேர் வரை வருவம், காசு குடுக்கிறதும் பிரச்சினையில்லை. செஞ்சிலுவைச் சங்கத்திலயோ சென் ஜோன் அம்புலன்ஸிலயோ படிச்ச ஆக்கள் இருந்தா, அங்க தமிழ்ல நடக்குதா? தொண்டையில சாப்பாடு இறுகினா முதுகில எப்பிடித் தட்டிறது எண்டும் பழகவேணும், வீட்டில சின்னப்பிள்ளையள் இருக்கு. தெரிஞ்சா கட்டாயம் சொல்லுங்கோ ப்ளீஸ்.