ஒலிகோமைசினில் ஏடிஎஃப்4 ஏறுகிறது, ஹெச்எஸ்பி60 அசையவில்லை. ஏன்?

கேள்வி:
ஹெச்இகே293டி (மனிதச் சிறுநீரகத்திலிருந்து வந்த ஆய்வகச் செல் வகை) செல்கள், 25 மில்லிமோலார் குளுக்கோஸ் டிஎம்இஎம் (செல் வளர்ப்பு ஊடகம்), பைருவேட் இல்லை. ஒலிகோமைசின் (மைட்டோகாண்ட்ரியாவின் ஏடிபி உற்பத்தியைத் தடுக்கும் மருந்து) 1 மைக்ரோமோலார், 6 மணி நேரம். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) ஏடிஎஃப்4 (அழுத்த நேரத்தில் ஜீன்களை முடுக்கும் புரதம்) பட்டை தடிக்கிறது, ஹெச்எஸ்பி60 (மைட்டோகாண்ட்ரியா சாப்பரோன்) அப்படியே இருக்கிறது. பாஸ்போ இஐஎஃப்2ஆல்பாவும் (புரத உற்பத்தியைத் தொடங்கும் காரணி, பாஸ்பேட் ஏறிய வடிவம்) மங்கல்தான். மைட்டோகாண்ட்ரியா அழுத்தம் வந்தால் சாப்பரோன்கள் (புரதங்கள் சரியாக மடிய உதவுபவை) ஏற வேண்டாமா?

பதில் 1:
அது சி. எலிகன்ஸ் புழுவின் கணக்கு. அங்கே ஏடிஎஃப்எஸ்-1 என்ற ஜீன் முடுக்கிப் புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய முடியாமல் போனால் நேரே உட்கருவுக்குப் போய் ஹெச்எஸ்பி-6 என்ற சாப்பரோன் ஜீனை முடுக்கிவிடும். மனித செல்லில் வேறு பாதை, 2020-ல் தெளிவானது: மைட்டோகாண்ட்ரியா உட்சவ்வில் உள்ள ஓஎம்ஏ1 என்ற வெட்டும் நொதி டெலி1 என்ற புரதத்தை வெட்டும்; வெட்டுண்ட துண்டு சைட்டோசோலுக்கு வந்து ஹெச்ஆர்ஐ கைனேஸைத் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) தூண்டும்; அது இஐஎஃப்2ஆல்பாவின் செரின் 51-ல் பாஸ்பேட் ஏற்றும். பொதுவான புரத உற்பத்தி இறங்க, ஏடிஎஃப்4 மட்டும் ஏறும். எனவே ஹெச்எஸ்பி60-ஐ விட்டுவிட்டு ஏடிஎஃப்4 முடுக்கும் ஜீன்களான ஏஎஸ்என்எஸ், சாப், ட்ரிப்3 மூன்றுக்கும் கியூபிசிஆர் (ஆர்என்ஏ அளவைப் பார்க்கும் சோதனை) போடுங்கள்.

பாஸ்போ பட்டை மங்கியதும் இயல்புதான். ஏடிஎஃப்4 ஏறினால் காட்34 என்ற புரதமும் ஏறி, அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். 1, 2, 4 மணி மாதிரிகளும் எடுங்கள். லைசிஸ் பஃபரில் (செல்லை உடைக்கும் கரைசல்) பாஸ்பட்டேஸ் தடுப்பான் (பாஸ்பேட் கழலாமல் காப்பது) கட்டாயம். ஏடிஎஃப்4 சீக்கிரம் சிதையும் புரதம், தட்டை ஐஸில் வைத்தே சுரண்டுங்கள்.

பதில் 2:
எல்லாமே ஹெச்ஆர்ஐ வேலை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுவாசச் சங்கிலி நின்றால் என்ஏடிஹெச் (எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறு) தேங்கும், அஸ்பார்ட்டேட் குறையும், அதிலிருந்து செய்யும் அஸ்பரஜினும் குறையும். டிஎம்இஎம்-இல் அஸ்பரஜின் கிடையாது. அப்போது ஜிசிஎன்2 (அமினோ அமிலம் குறைந்தால் இஐஎஃப்2ஆல்பாவில் பாஸ்பேட் ஏற்றும் இன்னொரு கைனேஸ்) விழித்துக்கொள்ளும். பைருவேட் அந்தத் தேக்கத்தைக் குறைக்கும்; 1 மில்லிமோலார் சேர்த்து ஒரு லேன் (ஜெல்லில் ஒரு மாதிரியின் வரிசை) ஓட்டுங்கள். ஏடிஎஃப்4 இறங்கினால் ஜிசிஎன்2-வுக்கும் பங்கு உண்டு என்று சந்தேகிக்கலாம். உறுதிசெய்ய ஹெச்ஆர்ஐ, ஜிசிஎன்2 இரண்டையும் தனித்தனியாக எஸ்ஐஆர்என்ஏ-வால் (ஒரு ஜீனை அடக்கும் சிறு ஆர்என்ஏ) அடக்கிப் பாருங்கள். இஸ்ரிப் (பாஸ்போ இஐஎஃப்2ஆல்பாவின் விளைவை முறிக்கும் மருந்து) 200 நானோமோலார் லேனும் வேண்டும்: பாஸ்போ பட்டை மாறாமல் ஏடிஎஃப்4 மட்டும் விழ வேண்டும். விழாவிட்டால் ஏற்றம் மொழிபெயர்ப்பு மட்டத்தில் நடக்கவில்லை.

கேட்டவர்:
நன்றி. ஓஎம்ஏ1 முடுக்கப்பட்டதா என்று நேரடியாகப் பார்க்க வழி உண்டா?

பதில் 2:
ஓபிஏ1 பிளாட்; இதுவும் ஓஎம்ஏ1 வெட்டும் உட்சவ்வுப் புரதம். 80 முதல் 100 கிலோடால்டனுக்குள் ஐந்து பட்டைகள் நெருங்கி நிற்கும். 7.5 சதவீத ஜெல்லில் நிதானமாக, நீளமாக ஓட்டுங்கள். 12 சதவீதத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாது. ஒப்பிட சிசிசிபி (உட்சவ்வின் மின்னழுத்தத்தைக் கலைத்து ஓஎம்ஏ1-ஐ முடுக்கும் மருந்து) 10 மைக்ரோமோலார், 1 மணி நேரம் ஒரு லேன்: மேலிருக்கும் இரண்டு நீளப் பட்டைகள் மறைந்துவிடும். ஒலிகோமைசினில் அந்த அளவுக்கு வெட்டு தெரியாது, பயப்பட வேண்டாம்.