புதுப்பிப்பு: சாம்பிள் எடுத்த பள்ளத்துக்கு வெல்டிங் தேவைப்படவில்லை

பழைய அழுத்தக் கலனின் (அழுத்தத்தில் வாயுவோ திரவமோ அடைத்து வைக்கும் எஃகுக் கலன்) சுவரிலிருந்து லேப் சோதனைக்குப் படகு வடிவில் சாம்பிள் வெட்டினால், பள்ளத்தை வெல்டிங் வைத்து நிரப்பத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தேன். வேண்டியிருக்கவில்லை.

சுவர் 22 மி.மீ., வெட்டிய ஆழம் 3. அல்ட்ராசோனிக்கில் அளந்தால் மீதி 19 நின்றது. அரிமான அனுமதியும் (துரு தின்றுபோவதற்கென்று கூடுதலாக விடும் தடிமன்) சேர்த்துத் தேவைப்பட்டது 17தான். அதனால் விளிம்புகளை மூன்றுக்கு ஒன்று சரிவில் கிரைண்டரால் மழுக்கிவிட்டு, காந்தத்துகள் சோதனை செய்தோம். விரிசல் இல்லை. அப்பாடா!

வெல்டிங் என்று போயிருந்தால் முன்சூடு, அப்புறம் வெப்பச் சிகிச்சை என்று வேலை நீண்டிருக்கும். ஹைட்ரஜன் ஊறிய எஃகு என்றால் அதைச் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றிய பிறகே வெல்டிங்கில் கை வைக்கலாம். "முதலில் தடிமன் கணக்கு, பிறகு வெட்டு" என்று சொன்ன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. லேப் அறிக்கை இன்னும் வரவில்லை.