சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு வணக்கம்: யொருபா மக்களோடு பழகிய அனுபவங்கள்

கல்யாணமான புதிதில், 1981-ல், நான் போய் இறங்கிய ஊர் ஓயோ. நைஜீரியாவின் தென்மேற்கில், யொருபா மொழி பேசும் மக்கள் வாழும் பகுதியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து நிறைய ஆசிரியர்கள் நைஜீரியப் பள்ளிகளுக்கு வேலைக்குப் போனார்கள். என் கணவர் கணக்கு வாத்தியார். ஓயோ என்றால் ஒரு காலத்தில் குதிரைப்படைக்குப் பேர்போன யொருபா பேரரசு. அதன் பழைய தலைநகர் வடக்கே இருந்தது. போர்களில் 1830களில் அதைக் கைவிட்டு வந்தவர்கள் உருவாக்கியதுதான் நான் பார்த்த ஓயோ. அரசரை அலாஃபின் என்பார்கள்.

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தெருவே அவரை 'மாமா' என்று கூப்பிட்டது. அங்கே அம்மா வயதுக்காரரை அப்படித்தான் அழைப்பார்கள். ஒரு பெண்மணியை மாமா என்று கூப்பிட எனக்கு நாக்கு பழக ஒரு மாதம் ஆனது.

முதல் வாரம் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். காலையில் தண்ணீர் பிடிக்கப் போகும்போது திண்ணையில் மாமா உட்கார்ந்து முலாம்பழ விதை உரித்துக்கொண்டிருப்பார். நான் சிரித்துவிட்டுப் போவேன். நம் ஊரில் அது போதும். நாலாவது நாள் பக்கத்து வீட்டு டீச்சர் வந்து, "மாமா மனசு கஷ்டப்படுகிறார். என்மேல் அந்தப் பெண்ணுக்கு என்ன கோபம் என்று கேட்கிறார்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அந்த டீச்சர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இன்னும் மறக்கவில்லை. யொருபாவில் 'எ கூ' என்று தொடங்கி, எதிரே இருப்பவர் என்ன நிலையில் இருக்கிறாரோ அதைச் சேர்த்து வணக்கம் சொல்ல வேண்டும். வேலை செய்கிறவரைப் பார்த்தால் 'எ கூ இஷெ'. சும்மா உட்கார்ந்திருந்தால் 'எ கூ இஜோகோ'. வெளியே போய்விட்டு வருகிறவர் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்வது 'எ கூ இலே'. மழைக்கு ஒன்று, சாவு வீட்டுக்கு ஒன்று என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். உங்களை நான் பார்த்தேன், நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதும் என் கண்ணில் பட்டது என்று வாய்விட்டுச் சொல்வதுதான் அங்கே மரியாதை. நான் மூன்று நாள் அவரைப் பார்த்தும் பார்க்காதவளாக நடந்துபோயிருக்கிறேன்.

மறுநாள் மண்டி மடக்கி "எ கூ இஷெ, மா" என்றேன். உரித்த விதையைக் கையிலிருந்து போட்டுவிட்டு மாமா எழுந்துவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

அந்த 'எ' நம் 'நீங்கள்' மாதிரி. சின்னவர்களிடம் 'ஓ', பெரியவர்களிடம் 'எ'. ஒரு வயது மூத்தவரானாலும் 'எ'தான். மூத்த உடன்பிறப்புக்கு எக்பொன், இளையவருக்கு அபுரோ. ஆணா பெண்ணா என்பது அந்தச் சொல்லில் கிடையாது. யார் முதலில் பிறந்தார் என்பது மட்டும்தான் உண்டு. இடது கையால் எதையும் நீட்டக் கூடாது என்று மாமா என் மகனைத் திருத்தியபோது என் பாட்டி ஞாபகம் வந்தது.

மகன் பிறந்தது அங்கேதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வாசலிலேயே பெண்கள் சொன்னது "எ கூ எவு ஒமொ". 'எவு' என்றால் ஆபத்து. பிள்ளைப்பேறு என்ற ஆபத்தைத் தாண்டி வந்தவளே, உனக்கு வணக்கம். அம்மா பக்கத்தில் இல்லாத எனக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எழுதத் தெரியவில்லை.

எட்டாம் நாள் பெயர் வைப்பு. மாமாவே எல்லாம் ஏற்பாடு செய்தார். ஒரு தட்டில் தேன், உப்பு, தண்ணீர், கோலாக்கொட்டை, ஒரோக்போ என்ற கசப்பான கொட்டை, அட்டாரே என்ற மிளகு மாதிரியான விதை. ஒவ்வொன்றையும் குழந்தையின் உதட்டில் லேசாகத் தொட்டு வைத்து, ஒரு வாழ்த்துச் சொல்லி, பிறகு கூடியிருந்த எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக ருசித்தார்கள். ஒரோக்போவில் உள்ள 'க்போ' என்ற ஒலிக்கு முதிர்தல் என்று பொருள். அதனால் அது நீண்ட ஆயுளுக்கு. தேனுக்கு அவன் முகம் மலர்ந்தது, உப்புக்குச் சுருங்கியது. கூட்டமே சிரித்தது.

பிறகு பெரியவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். மாமா வைத்த பெயர் பாபாதுண்டே. 'அப்பா திரும்ப வந்துவிட்டார்' என்று அர்த்தம். தாத்தா இறந்தபின் பிறக்கும் ஆண் குழந்தைக்கு வைப்பது. என் மாமனார் அதற்கு ஐந்து மாதம் முன்புதான் காலமாகியிருந்தார். நம்மிலும் தாத்தா பெயரைத் தாங்குவதால்தான் பேரன் என்கிறோம் என்று என் கணவர் சொன்னார். அன்றுதான் அவர் அப்பாவை நினைத்து முதன்முதலாக எல்லோர் முன்னாலும் அழுதார். நானே நிறைய எழுதிவிட்டேன். யொருபா மக்களோடு பழகிய மற்றவர்களும் சொல்லுங்கள்.

* * *

நான் லாகோஸில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். எங்கள் ஆபீஸ் டிரைவர் அண்ணன் தன் மகள் நிச்சயத்துக்கு அழைத்திருந்தார். மாப்பிள்ளையும் நண்பர்களும் பெண் வீட்டார் முன்னால் நெஞ்சு தரையில் பட விழுந்து கும்பிட்டார்கள். 'தோபாலே' என்பது அதற்குப் பெயர். நம் சாஷ்டாங்க நமஸ்காரமேதான்.

ஆனால் எனக்கு அன்று மனசில் நின்றது மேளம். துந்துன் என்பது இடை சிறுத்த மேளம், நம் உடுக்கை போல. இரண்டு பக்கத் தோலையும் இழுத்துக் கட்டிய வார்கள் நீளவாக்கில் ஓடும். அவற்றை அக்குளில் இடுக்கி அமுக்கினால் ஒலி மேலே ஏறும், விட்டால் இறங்கும். அடிப்பது வளைந்த குச்சியால். பெரிய மேளத்துக்கு 'இயா இலு', அதாவது தாய் மேளம் என்று பெயர். ஓரத்தில் சலங்கை மாதிரி சின்னச் சின்ன மணிகள்.

யொருபாவில் மூன்று தொனி உண்டு. 'ஒகொ' என்ற ஒரே சொல், ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என்று மாறும். அதனால் ஏற்ற இறக்கத்தை மேளம் பிடித்துவிட்டால் அது பேசுவதாகவே கேட்பவர்களுக்குப் புரிகிறது. மேளக்காரர் ஒரு கிழவர் முன்னால் நின்று வாசித்தார். அதுவரை தடியூன்றி உட்கார்ந்திருந்த கிழவர் சட்டென்று எழுந்து நின்று ஆட ஆரம்பித்தார். என்ன ஆயிற்று என்று டிரைவர் அண்ணனைக் கேட்டேன். "அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெருமையை மேளம் சொல்கிறது, சார். அதைக் கேட்டு எப்படி உட்கார்ந்திருப்பார்?" என்றார். குலப் பெருமை சொல்லும் அந்தப் புகழ்ச்சொற்களுக்கு 'ஒரிகி' என்று பெயர். ஆடி முடித்த கிழவர் ஒரு நோட்டை எடுத்து மேளக்காரர் நெற்றியில் ஒட்டினார்.

வழிவழியாக மேளம் அடிக்கிற குடும்பங்களில் பிள்ளைகளின் பெயரே 'அயான்' என்று தொடங்கும். முதல் மேளக்காரரின் பெயர் அது என்பது அவர்கள் நம்பிக்கை.

* * *

நான் லண்டனில் பிரசவ வார்டில் நர்ஸ். என்னோடு வேலை செய்யும் யொருபா தோழி இரட்டையரில் ஒருவர். முதலில் பிறந்தால் தாய்வோ, அடுத்துப் பிறந்தால் கெஹிந்தே; பெயர் அப்போதே முடிவாகிவிடும். ஆனால் மூத்தவர் கெஹிந்தேதான். உலகம் எப்படி இருக்கிறது என்று ருசி பார்த்து வரத் தாய்வோவை முதலில் அனுப்பியது அவர் அல்லவா! இரட்டையருக்கு அடுத்த குழந்தை ஆணோ பெண்ணோ, இடோவு.

யொருபா நாட்டில் இரட்டைப் பிறப்பு உலகத்திலேயே அதிகம். இக்போ-ஓரா என்ற ஊரில் 1970களில் பார்த்த ஆய்வில் 1000 பிரசவத்துக்கு ஏறத்தாழ 45 ஜோடி இரட்டையர். அந்தக் காலத்தில் இருவரில் ஒன்று இறந்துவிட்டால் மரத்தில் ஒரு சிறிய உருவம் செதுக்கி, அதைக் குளிப்பாட்டி, உடுத்தி, உயிரோடிருக்கும் குழந்தைக்கு ஊட்டும்போது அதற்கும் சோறு காட்டுவார்களாம். மியூசியத்தில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். மூக்கும் வாயும் தேய்ந்து மழுங்கியிருந்தன. ஒரு தாய் எத்தனை தடவை அந்த முகத்தைக் கழுவித் துடைத்திருந்தால் மரம் அப்படித் தேயும்!

* * *

முதலில் எழுதியவள்தான். மரப்பாவை பற்றிப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். மாமா வீட்டு அலமாரியிலும் துணி சுற்றிய ஒன்று இருந்தது. என்னவென்று நான் கேட்டதே இல்லை.

நாங்கள் 1986-ல் ஊர் திரும்பினோம். கடிதங்கள் கொஞ்ச நாளில் நின்றுபோயின. போன வருடம் என் மகன் எப்படியோ தேடிப்பிடித்து மாமாவின் மகளோடு வீடியோவில் பேச வைத்தான். மாமா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டதாம். மகளுக்கே தலை முழுக்க நரை. திரையில் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து, "எ கூ ஒஜொ மெட்டா!" என்றாள். வெகுகாலம் கழித்துப் பார்ப்பவர்கள் சொல்லும் வணக்கம் அது. நேரடி அர்த்தம், 'மூன்று நாள் ஆயிற்றே'.