மறு: அகதீசியாவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

சில மருந்துகளால் ஓரிடத்தில் இருக்கவிடாமல் உள்ளேயிருந்து உந்தும் அவஸ்தைதான் அகதீசியா. அதற்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே வந்த உள்நடுக்கம், அமைதியின்மை, அமரவியலாமை மூன்றையும் படித்தேன். உள்நடுக்கத்தை இப்போதே தள்ளிவிடலாம். மனச்சோர்வு மாத்திரைகளால் கைநடுக்கமும் வருவதுண்டு, இரண்டும் குழம்பிப்போகும்.

அமைதியின்மையோடுதான் எனக்குத் தகராறு. ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ராலின் மாதிரி மனச்சோர்வு மாத்திரையைத் தொடங்கிய புதிதிலோ டோஸ் கூட்டிய பிறகோ சிலருக்கு அகதீசியா வரும். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் காலை மாற்றி மாற்றிப் போடுவார், எழுந்து நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருப்பார், வராந்தாவில் இரண்டு நடை நடந்துவிட்டு வந்து உட்காருவார், உட்கார்ந்த மறு நிமிஷம் உள்ளேயிருந்து ஏதோ பிடித்துத் தள்ளுவதுபோல் மறுபடி எழுந்துவிடுவார். டாக்டரிடம் போனால் "ஒரே படபடப்பா இருக்கு சார்" என்பார். நோய் இன்னும் அடங்கவில்லை போல என்று அவரும் அதே மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டால் கதை கெட்டது. டோஸைக் குறைக்க வேண்டிய இடம் அது, அல்லது ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் ப்ரோப்ரனலால் மாதிரி ஏதாவது சேர்த்துப் பார்க்க வேண்டிய இடம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004-இல் இந்த மருந்துகளுக்குத் தற்கொலை எண்ணம் பற்றிய கட்டம் கட்டிய எச்சரிக்கையை அறிவித்த பிறகு, மருந்துக் குறிப்பில் கவனிக்க வேண்டியவையாகப் பதற்றம், கிளர்ச்சி, தூக்கமின்மை, அகதீசியா என்று தனித்தனியாகத்தான் அடுக்குகிறார்கள். ஆக, பதற்றத்தின் பக்கத்திலேயே உட்காரப்போகிற சொல்லுக்கு அமைதியின்மை என்று வைத்தால் வாசிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

அமரவியலாமை மூலச்சொல்லுக்கு நேரான பெயர்ப்பு, ஒத்துக்கொள்கிறேன். 1901-இல் செக் மருத்துவர் ஹஷ்கோவெட்ஸ் கிரேக்கத்திலிருந்து உட்காராமை என்ற பொருளில்தான் அதை உண்டாக்கினார் (அப்போது இந்த மாத்திரைகள் எதுவுமே கிடையாது). ஆனால் மூலவியாதிக்காரருக்கும் அமரவியலாதுதானே! இந்த நோயாளியால் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காரவும் முடியும், அவரைப் படுத்துவது உள்ளே இருக்கும் உந்தல். அகதீசியாவின் கடுமையை அளக்க 1989-இல் வந்த பார்ன்ஸ் அளவுகோலில்கூட உட்காரவைத்து இரண்டு நிமிடம், நிற்கவைத்து இரண்டு நிமிடமாவது கவனிப்பதோடு விடுவதில்லை, உள்ளுக்குள் எப்படி இருக்கிறது, எவ்வளவு வேதனை என்று கேட்டுத் தனியாக மதிப்பெண் போடுகிறார்கள்.

என் முன்மொழிவு: இருப்புக்கொள்ளாமை. "ஒரு இடத்துல இருப்புக் கொள்ளலை" என்று வீட்டில் எல்லாரும் சொல்வதுதான், உடம்பு, மனசு இரண்டும் அதில் இருக்கிறது. மகள் இன்னும் வீடு திரும்பவில்லை என்றாலும் இருப்புக் கொள்ளாதே என்பீர்கள். சரி, நோயறிதலில் மருந்துவழி இருப்புக்கொள்ளாமை என்று எழுதிக்கொள்வோம். மனச்சோர்வும் புழக்கத்தில் இருந்த சோர்விலிருந்து வந்ததுதான். நீளம் என்று இதை ஒதுக்க வேண்டாம், அகதீசியா என்று எழுதினால் அகதி ஞாபகம்தான் வருகிறது. முக்கியமாக, டாக்டரே நோயாளியிடம் "உட்கார்ந்தா இருப்புக் கொள்ளுதா?" என்று நேராகக் கேட்டுவிடலாம். அமரவியலாமையை வைத்து அப்படி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

இரவில் படுத்தால் கால் குடைவதை இதோடு சேர்க்க வேண்டாம். அது மாலையிலும் இரவிலும் கூடுவது, எழுந்து நடந்தால் தணிவது. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

அப்புறம், பராக்செட்டின், வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் தலைக்குள் ஷாக் அடித்தது போல வருமே, கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும்போது சிலருக்கு அதிகம் தெரியும், அதற்கு ஒருவர் மூளை மின்வெட்டு என்று எழுதியிருந்தார். நம்மூரில் மின்வெட்டு என்றால் கரண்ட் போவது ஐயா! மின்சுரீர் என்று ஒன்று தோன்றுகிறது, மருத்துவர்கள் யாராவது பார்த்துச் சொன்னால் இருப்புக்கொள்ளாமை, மின்சுரீர் இரண்டையும் சேர்த்தே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.